தரையின் குளிருக்கு ஒரு தடுப்பு

கூடாரம் அடித்துத் தூங்குபவரின் உடல் சூடு இரண்டு பக்கமும் போகிறது: மேலே காற்றுக்கு, கீழே தரைக்கு. மேல்பக்கத்தைத் தூக்கப்பை, அதாவது ஸ்லீப்பிங் பேக், பார்த்துக்கொள்ளும். கீழ்ப்பக்கத்தில் அதனால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. பைக்குள் அடைத்திருக்கும் இறகும் செயற்கைப் பஞ்சும் தாமாகச் சூடு தருவதில்லை. இழைகளுக்கு நடுவே காற்றை அசையவிடாமல் பிடித்துவைக்கின்றன. அந்தக் காற்றுதான் கதகதப்பைக் காக்கிறது. படுத்தவுடன் உடலின் எடை முதுகுக்குக் கீழுள்ள பஞ்சை நசுக்கிக் காற்றை வெளியேற்றிவிடும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பையானாலும், முதுகுக்கும் தரைக்கும் நடுவே மிஞ்சுவது இரண்டு துணியும் தட்டையான பஞ்சும்தான். அந்த இடத்தை நிரப்புவதற்கென்று வந்தது ஸ்லீப்பிங் பேட் எனப்படும் எடை குறைந்த மெத்தை. முதுகுக்கு இதமாக இருப்பது அதன் இரண்டாவது வேலை. சூட்டைத் தரைக்கு விடாமல் தடுப்பதே முதல் வேலை. கடையில் மெத்தையை அழுத்திப் பார்த்து வாங்குபவர்கள் பெரும்பாலும் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறார்கள்.

தரை என்று பொதுவாகச் சொன்னாலும் எல்லாத் தரையும் ஒரே வேகத்தில் சூட்டை உறிஞ்சுவதில்லை. அசையாத காற்றின் வெப்பக் கடத்துத்திறன் (வாட்/மீட்டர்-கெல்வின் அலகில்) சுமார் 0.025, தண்ணீருக்கு 0.6, பனிக்கட்டிக்கு 2.2, கருங்கல்லுக்கு 3-ஐ ஒட்டி வரும். காய்ந்த மணல் 0.3 என்றால் அதே மணல் ஈரமானால் பல மடங்கு கூடும். புதிதாக விழுந்த பனித்தூளுக்குள் காற்று நிறைய இருப்பதால் அதன் மதிப்பு 0.1-க்கும் கீழே இருக்கக்கூடும். ஆகவே, பனியில் படுப்பதைவிட வெறும் பாறையில் படுப்பது பாதுகாப்பு என்ற எண்ணம் எப்போதும் சரிவராது. ஈரத் தரையும் கல் தரையும் சத்தமில்லாமல் சூட்டை இழுத்துக்கொண்டே இருப்பவை. காய்ந்த சருகுகள் கிடக்கும் இடமாகப் பார்த்துக் கூடாரம் அடித்தாலே மெத்தையின் வேலை குறைகிறது.

மெத்தையின் தடுக்கும் திறனைச் சொல்லும் அளவு ஆர் மதிப்பு. அது வெப்பத் தடையைக் குறிக்கிறது. எண் கூடக் கூடத் தடை கூடும். அமெரிக்க அலகில் சொல்லப்படும் ஆர் 1 என்பது மெட்ரிக் அலகில் சுமார் 0.176. இந்த எண் நடைமுறையில் எதைக் குறிக்கிறது என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். மல்லாந்து படுத்தவரின் உடலில் ஏறக்குறைய 0.4 சதுர மீட்டர் மெத்தையைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். தோலின் பக்கம் 33 டிகிரி செல்சியஸ், தரை 3 டிகிரி. ஆர் 1 மெத்தை வழியாகத் தரைக்குப் போகும் வெப்பம் 68 வாட். தூங்கும் பெரியவர் ஒருவரின் உடல் உண்டாக்கும் மொத்த வெப்பமே சுமார் 70 வாட்தான். உடல் உண்டாக்குவதை எல்லாம் தரையே வாங்கிக்கொள்கிறது. தலைக்கும் மூச்சுக்கும் மேல்பக்கத்துக்கும் மிச்சம் எதுவும் இல்லை. ஆர் 2 மெத்தையில் இழப்பு 34 வாட்டாகக் குறைகிறது, ஆர் 4-ல் 17 வாட், ஆர் 5-ல் சுமார் 14 வாட். உடுத்திய உடையும் நசுங்கிய தூக்கப்பையும் கொஞ்சம் தடுக்கும் என்பதால் உண்மையில் இழப்பு இதைவிடச் சற்றுக் குறையும். ஆனால் போக்கு இதுதான். ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போவதில் 34 வாட் மிச்சம். நான்கிலிருந்து ஐந்துக்குப் போவதில் மூன்று, நான்கு வாட்தான். ஆர் 1 மெத்தையோடு மலைக்குப் போகிறவருக்கு இன்னும் ஒரு ஆர் கிடைப்பது பெரிய விஷயம். ஏற்கெனவே ஆர் 5 வைத்திருப்பவர் இன்னும் கூடுதலானதற்குச் செலவழிப்பது, உறைநிலைக்கு வெகுகீழே படுக்கப்போகிறார் என்றால் மட்டுமே அர்த்தமுள்ளது.

தூக்கப்பையில் ஒட்டியிருக்கும் வெப்பநிலைச் சீட்டும் மெத்தையை நம்பியே எழுதப்பட்டது. பைகளைச் சோதிக்கும் சர்வதேச முறையில், சூடேற்றப்பட்ட மனித உருவப் பொம்மையைப் பைக்குள் படுக்கவைத்து அளக்கிறார்கள். அந்தப் பொம்மை வெறுந்தரையில் படுப்பதில்லை. அடியில் ஆர் 5-ஐ ஒட்டிய தடையுள்ள மெத்தை இருக்கிறது. பூஜ்யம் டிகிரி வரை தாங்கும் என்று அச்சிட்ட பையை யோகா விரிப்பின் மேல் போட்டு நடுங்கியவர், பை ஏமாற்றிவிட்டது என்று நினைப்பது இயல்பு. பையில் குறை இல்லை. சோதனையில் அதனோடு இருந்த துணை இங்கே இல்லை.

நெடுங்காலம் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கு வசதியான முறையில் ஆர் மதிப்பை அளந்து அச்சிட்டுக்கொண்டிருந்தது. ஒன்றின் 4-ம் இன்னொன்றின் 4-ம் ஒன்றாக இருக்கவில்லை. 2018-ல் ஏ.எஸ்.டி.எம். அமைப்பு எஃப்3340 என்ற பொதுத் தரத்தை வெளியிட்டது. 2020 முதல் பெரிய நிறுவனங்கள் அதைப் பின்பற்றத் தொடங்கின. மெத்தையை ஒரு சூடான தட்டுக்கும் ஒரு குளிர்ந்த தட்டுக்கும் நடுவே வைத்து, சூடான தட்டை அதே சூட்டில் நிறுத்த எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறது என்று அளப்பது இந்த முறை. இதனால் வெவ்வேறு நிறுவனங்களின் மெத்தைகளை எண்ணை வைத்தே ஒப்பிட முடிகிறது. ‘கடுங்குளிரிலும் கதகதப்பு’ என்று எழுதிவிட்டு ஆர் மதிப்பைச் சொல்லாத மெத்தைகள் இணையக் கடைகளில் ஏராளம். எண் இல்லாத மெத்தையை வெயில் காலத்துக்கு மட்டும் உரியதாகக் கொள்வது நல்லது.

மெத்தைகளில் மிகப் பழைய எண்ணம் ஃபோம் விரிப்புக்குள் இருக்கிறது. ஆர்க்டிக் பகுதி மக்கள் காரிபு, கலைமான் தோல்களை விரித்துப் படுத்தார்கள். ஸ்காண்டிநேவிய வடகோடியில் சாமி மக்கள் கூடாரத் தரையில் பிர்ச் மரக் கிளைகளைப் பரப்பி அதன்மேல் கலைமான் தோலைப் போட்டார்கள். அந்த விலங்கின் முடிக்குள் காற்று நிறைந்த நுண்ணறைகள் உண்டு. முடி நசுங்கினாலும் உள்ளிருக்கும் காற்று எளிதில் வெளியேறாது. மூடிய அறைகள் கொண்ட பாலிஎத்திலீன், இ.வி.ஏ. ஃபோம்களும் அப்படித்தான். ஒவ்வொரு குமிழும் தனித்தனியாக மூடியிருப்பதால் காற்று அசையாது, தண்ணீரும் ஏறாது. மடிக்கக்கூடிய ஃபோம் விரிப்புகளில் நன்கு அறியப்பட்ட, தெர்மரெஸ்ட் நிறுவனத்தின் இசட் லைட் சோல் சுமார் 410 கிராம், 2 செ.மீ. தடிமன், ஆர் 2. விரித்த நொடியில் படுக்கலாம். முள் குத்தினால் முள்ளைப் பிடுங்கிவிட்டுத் தொடரலாம். பகலில் ஓய்வெடுக்கும் இடத்தில் கல்மேல் போட்டு உட்காரலாம். குறை இரண்டு: இடுப்பு எலும்பு தரையை உணரும், மடித்தாலும் 9 லிட்டர் இடத்தை அடைக்கும் என்பதால் முதுகுப்பைக்கு வெளியே கட்டித்தான் தூக்க வேண்டும்.

இரண்டாவது வகை தானாகக் காற்று நிரப்பிக்கொள்ளும் மெத்தை. 1971-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் போயிங் நிறுவனம் ஆயிரக்கணக்கானோரை வேலையிலிருந்து நீக்கிய சமயத்தில் உருவானது இது. வேலையிழந்த பொறியாளர் ஜிம் லீ தோட்டத்தில் முழங்காலுக்கு அடியில் ஃபோம் திண்டு ஒன்றைப் போட்டு வேலை செய்தபோது, அதிலிருந்து காற்று வெளியேறுவதைக் கவனித்தார். திறந்த அறைகள் கொண்ட ஃபோமைக் காற்றுப் புகாத துணிக்குள் ஒட்டி ஒரு வால்வு வைத்தால், வால்வைத் திறந்ததும் ஃபோம் தானே விரிந்து காற்றை இழுத்துக்கொள்ளும். மூடினால் காற்று உள்ளேயே நிற்கும். அதுதான் தெர்மரெஸ்ட். வாகனத்தில் போய்த் தங்குகிறவர்களுக்கு இன்றும் இது நல்ல மெத்தை. தோளில் தூக்கி நடப்பவர்களிடம் செல்வாக்கு குறைந்துவிட்டது. அதே தடைக்குக் காற்று மெத்தையைவிட எடை கூடுதல்.

மூன்றாவது வகையான காற்று மெத்தைதான் இந்தத் துறையில் அறிவியல் அதிகம் உழைத்த இடம். அசையாத காற்று நல்ல தடை என்றால், ஏழரை செ.மீ. உயரத்துக்கு ஊதிய வெற்றுக் காற்று மெத்தை அருமையாகக் காக்க வேண்டும். கடத்துத்திறனை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் அதன் ஆர் மதிப்பு 17 வரை வரும். அளந்தால் 1-ஐ ஒட்டியே வருகிறது. மீதி எங்கே போயிற்று? பெரும்பகுதியைக் கதிர்வீச்சு கொண்டுபோய்விடுகிறது. மெத்தையின் மேல்துணி உடல் சூட்டில் இருக்கிறது, கீழ்த்துணி தரையின் குளிரில் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி இருப்பதால் மேல்துணி அகச்சிவப்புக் கதிர்களைக் கீழே அனுப்பிக்கொண்டே இருக்கும். நடுவில் உள்ள காற்று அந்தக் கதிர்களைத் தடுப்பதில்லை. காற்று துளிகூட அசையாமல் இருந்தாலும் கதிர்வீச்சு ஒன்றே ஆர் மதிப்பை 1.2-க்கு இறக்கிவிடும். இதோடு, தூங்குபவர் புரளும்போதெல்லாம் உள்காற்று நடுவிலிருந்து ஓரத்துக்கும் ஓரத்திலிருந்து நடுவுக்கும் தள்ளப்பட்டு, ஓரத்தில் குளிர்ந்த காற்று முதுகுக்குக் கீழே வந்து சேருகிறது.

நோய் தெரிந்த பின் மருந்தும் கிடைத்தது. மெத்தைக்குள் செயற்கைப் பஞ்சையோ இறகையோ நிரப்புவது ஒரு வழி. சுவிட்சர்லாந்தின் எக்ஸ்பெட் நிறுவனம் இறகு நிரப்பிய மெத்தைகளைச் செய்து பேர் வாங்கியது. இன்னொரு வழி 2009-ல் வந்த தெர்மரெஸ்ட்டின் நியோஏர். அதன் உள்ளே முக்கோண அறைகள் இரண்டு அடுக்காக அமைந்திருக்கின்றன; உலோகப் பூச்சுள்ள மெல்லிய படலங்கள் குறுக்கே ஓடுகின்றன. பளபளப்பான உலோகப் பரப்பு அகச்சிவப்புக் கதிரைத் திருப்பி அனுப்பும், தானும் மிகக் குறைவாகவே உமிழும். சிறு அறைகள் காற்றின் அலைச்சலைக் கட்டுப்படுத்தும். படலத்தின் எடை மிகச் சொற்பம் என்பதால் தடை பல மடங்கு கூடியும் எடை அவ்வளவாகக் கூடவில்லை. இந்த வரிசையில் எக்ஸ்லைட் என்.எக்ஸ்.டி. சுமார் 370 கிராமில் ஆர் 4.5 தருகிறது. எக்ஸ்தெர்ம் என்.எக்ஸ்.டி. சுமார் 450 கிராமில் 7.3 தருகிறது. முன் சொன்ன ஃபோம் விரிப்பைவிட எக்ஸ்லைட் எடையும் குறைவு, தடையும் இரண்டு மடங்குக்கு மேல்; சுருட்டினால் இரண்டு லிட்டருக்குள் அடங்கிவிடும். விலைதான் பல மடங்கு. புரளும்போது படலம் சரசரக்கும். பக்கத்தில் படுப்பவருக்கு அது பழக வேண்டும்.

உலோகப் படலத்தின் இந்த வித்தை முன்னால் காற்று இடைவெளி இருந்தால் மட்டுமே பலிக்கும். கடைகளில் கிடைக்கும் வெள்ளித்தாள் ஒட்டிய விரிப்பைத் தரையில் போட்டு நேராக அதன்மேல் படுத்தால் தாள் உடலையும் தரையையும் தொட்டபடி இருக்கும். வெப்பம் கதிராகப் போகாமல் தொடுதல் வழியாகவே போய்விடும். அப்படிப்பட்ட விரிப்பின் தடை அதிலுள்ள ஃபோமின் தடிமனிலிருந்து வருகிறது, பளபளப்பிலிருந்து அல்ல.

நீளமும் அகலமும் எடையை நேரடியாகத் தீர்மானிக்கின்றன. வழக்கமான அளவு 183-க்கு 51 செ.மீ. ஐந்தரை அடிக்குள் உள்ளவருக்கு 168 செ.மீ. நீள மெத்தையே தாராளம். அந்த அளவில் கிடைப்பதைத் தேடி வாங்கினால் எடையும் மிச்சம், பணமும் மிச்சம். தோள் முதல் தொடை வரை மட்டும் வரும் 120 செ.மீ. மெத்தையை விரும்புவோரும் உண்டு. காலுக்கு அடியில் காலியான முதுகுப்பையை வைத்துக்கொள்வார்கள். வெயில் காலத்தில் இது நல்ல ஏற்பாடு. குளிரில் பாதம்தான் முதலில் விறைக்கும் என்பதால் வேண்டாம். அகலத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. 51 செ.மீ. அகலத்தில் கை இரண்டும் வெளியே விழுகிறவர்கள் 64 செ.மீ. மெத்தைக்குப் போவதே சரி. அதற்காகக் கூடும் நூறு கிராமை நல்ல தூக்கம் ஈடுகட்டிவிடும்.

தடிமன் எவ்வளவு வேண்டும் என்பது படுக்கும் விதத்தைப் பொறுத்தது. ஒருக்களித்துப் படுப்பவரின் எடை இடுப்பிலும் தோளிலும் குவிகிறது. ஆறு முதல் எட்டு செ.மீ. இல்லாவிட்டால் எலும்பு தரையைத் தொடும். மல்லாந்து படுப்பவர் இரண்டு செ.மீ. ஃபோமிலேயே தூங்கிவிடுவார். காற்று மெத்தையை டயர் போல விறைக்க ஊதுவதுதான் பலரும் செய்யும் தவறு. விறைப்பாக ஊதி, படுத்துக்கொண்டு, வால்வை மெல்லத் திறந்து, இடுப்பு இறங்கித் தரையைத் தொடாமல் நிற்கும் அளவுக்குக் காற்றை விட வேண்டும். அப்போதுதான் மெத்தை உடலின் வளைவுகளுக்கு இணங்கும்.

மாலையில் ஊதிய மெத்தை நள்ளிரவில் தொய்ந்து கிடந்தால் உடனே பஞ்சர் என்று முடிவுகட்டத் தேவையில்லை. மூச்சுக் காற்று சூடானது. 30 டிகிரியில் இருந்த காற்று 5 டிகிரிக்குக் குளிர்ந்தால் கன அளவு நூற்றுக்கு எட்டு பங்கு சுருங்கும். 60 லிட்டர் மெத்தையில் அது ஐந்து லிட்டர். படுக்கப்போகும் முன் இன்னும் இரண்டு ஊது ஊதிவிட்டால் போதும். இதன் மறுபக்கம் ஆபத்தானது. ஊதிய மெத்தையை வால்வு மூடி வெயிலில் போட்டால் உள்காற்று விரியும். 20 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்கு ஏறும் காற்று விரிய இடமில்லாவிட்டால் சுமார் 10 கிலோபாஸ்கல் கூடுதல் அழுத்தம் தரும். மெத்தையின் இயல்பான அழுத்தமே இரண்டு, மூன்று கிலோபாஸ்கல்தான். உள்ளே அறைகளை ஒட்டியிருக்கும் பசை விட்டுப்போய் ஒரே இடத்தில் பந்து போல வீங்கிவிடும். அதைச் சரிசெய்ய வழியே இல்லை.

வாயால் ஊதுவதில் இன்னொரு தொல்லை ஈரம். மெத்தையை நிரப்பும் 60 லிட்டர் மூச்சில் இரண்டு கிராம் அளவுக்கு நீராவி போகிறது. அது உள்ளே படிந்து நாளடைவில் பூசணம் பிடிக்கும். உறைநிலைக்குக் கீழே பனித்துகளாகும். இறகு மெத்தையானால் இறகு கட்டிபிடித்துத் தடையே குறைந்துவிடும். பெரிய பை ஒன்றின் வாயை வால்வில் பொருத்தி, காற்றைப் பிடித்து, பையைச் சுருட்டி உள்ளே தள்ளும் பம்ப் பைகள் இப்போது பல மெத்தைகளோடு வருகின்றன. நூறு கிராமுக்கும் குறைவான சார்ஜ் செய்யும் பம்புகளும் உண்டு. 4,000 மீட்டர் உயரத்தில் மூச்சுத் திணறலோடு கூடாரத்துக்கு வந்து சேர்ந்தவருக்கு இந்தப் பம்ப் பை ஒரு வரம்.

காற்று மெத்தையின் மேல் உள்ள பெரிய பயம் ஓட்டை. எடை குறைந்த மெத்தைகளின் துணி 20, 30 டெனியர் நைலான். 9,000 மீட்டர் நூலின் எடை கிராமில் எவ்வளவோ அதுவே டெனியர். தமிழகத்தின் வறண்ட காடுகளில் இதற்கு முதல் எதிரி நெருஞ்சி. காய்ந்த காய் எப்படி விழுந்தாலும் ஒரு முள்ளாவது மேல்நோக்கி நிற்கும். செருப்பையே துளைப்பது மெத்தையை விட்டுவைக்காது. கருவேல முள்ளும் உண்ணிச்செடியின் வளைந்த முட்களும் அடுத்த வரிசை. கூடாரம் அடிக்கும் முன் குனிந்து தரையைக் கையால் தடவிப் பார்ப்பதை விடச் சிறந்த காப்பு இல்லை. ஓட்டை விழுந்தால் மெத்தையை விறைக்க ஊதி, சோப்பு நீர் தடவி, குமிழி வரும் இடத்தைப் பேனாவால் வட்டமிட்டு, நன்கு உலர்த்தி, சானிடைசரால் துடைத்தபின் ஒட்டுத்துணியை அழுத்த வேண்டும். ஈரத்தில் ஒட்டிய ஒட்டு இரவு தாங்காது. ஒட்டுத்துணி பத்து கிராம்கூட வராது. எடுத்துப்போகாமல் இருக்கக் காரணமே இல்லை.

ஆர் மதிப்பில் ஒரு வசதி, ஒன்றன்மேல் ஒன்றாக விரித்தால் எண்களைக் கூட்டிக்கொள்ளலாம். ஆர் 2 ஃபோமின் மேல் ஆர் 4.5 காற்று மெத்தை என்றால் மொத்தம் 6.5. கீழே கிடக்கும் ஃபோம் முள்ளையும் தாங்கிக்கொள்ளும். காற்று மெத்தை வழியில் கைவிட்டாலும் இரவை ஓட்ட ஃபோம் இருக்கிறது. கேதார்கந்தா போன்ற இமயமலைப் பனிக்காலப் பயணங்களுக்கு, இரவு பூஜ்யத்துக்குப் பத்து டிகிரி கீழே போகும் இடங்களுக்கு, இந்த இரட்டை விரிப்பே நம்பத்தகுந்தது. லடாக்கில் உறைந்த ஜன்ஸ்கர் நதியின்மேல் நடக்கும் சாதர் பயணத்தில் இரவு பூஜ்யத்துக்கு இருபது டிகிரிக்கும் கீழே போகும். அங்கே 6-க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கோடைக்கால இமயமலைக்கு 3 முதல் 4 வரை போதும். நீலகிரியில் டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்தில் தலைகுந்தா, அவலாஞ்சி பக்கம் புல்வெளி பூஜ்யத்தை ஒட்டிக் குளிர்கிறது. அங்கும் 3 தேவைப்படும். குளிரில் எளிதில் விறைப்பவர்கள் இந்த எண்களோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ளட்டும்.

சமவெளியில் கதை வேறு. இரவிலும் 28 டிகிரி இருக்கும் இடத்தில் ஆர் 4 மெத்தை முதுகை வேகவைத்துவிடும். நம் கோரைப்பாய் செய்வது இதற்கு நேர்மாறான வேலை: கோரைகளின் இடுக்கில் காற்று போய்வர விட்டு, வியர்வையை உலரவிட்டு, சூட்டைத் தரைக்கு இறக்கிவிடுகிறது. வெயில் காலக் கள வேலைக்குப் பாயும் அதன்கீழ் ஒரு மெல்லிய ஃபோமும் போதும்.

வேட்டைத் தடுப்புக் காவலர்கள், வனவிலங்குக் கணக்கெடுப்புக்குப் போகும் மாணவர்கள், நிலவியல் ஆய்வாளர்கள் போன்றோர் வாரக்கணக்கில் காட்டில் தங்குகிறார்கள். பகல் முழுக்க நடந்தவர் இரவு குளிரில் விழித்துக் கிடந்தால் மறுநாள் வேலையில் கவனம் சிதறும், காட்டில் அது உயிர் விஷயம். அவர்களுக்கு வாங்கும் மெத்தையில் எடையைவிட உழைப்பைத்தான் பார்க்க வேண்டும். தடிமனான ஃபோமே அடிப்படை. குளிர்ந்த முகாமென்றால் 50 டெனியருக்கு மேல் துணியுள்ள மெத்தை ஒன்று கூடுதலாக.

பராமரிப்பு எளிது. தானாக நிரம்பும் மெத்தையையும் பஞ்சு நிரப்பிய காற்று மெத்தையையும் வீட்டில் சுருட்டி வைக்காமல், வால்வைத் திறந்து, கட்டிலுக்கு அடியிலோ அலமாரிக்குப் பின்னாலோ விரித்தே வைக்க வேண்டும். சுருட்டியே கிடந்தால் உள்ளிருப்பது அப்படியே படிந்துவிடும். ஃபோம் விரிப்பின்மேல் பாரம் ஏற்றக்கூடாது. பல நூறு இரவுகளில் அதன் குமிழ்கள் நசுங்கி, 2 செ.மீ. இருந்தது 1 செ.மீ. ஆகும், தடிமன் பாதியானால் தடையும் ஏறக்குறைய பாதியாகிவிடும். அந்த விரிப்பை உட்காருவதற்கு வெட்டி வைத்துக்கொண்டு, படுக்கப் புதியது வாங்க வேண்டும்.